கூடைப்பந்து கண்ட நெய்ஸ்மித்

பள்ளியின் விளையாட்டுத் திடலில் எதிரெதிராக இரண்டு கம்பங்கள் நிற்கக் காண்கிறோம். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு பலகை. அப்பலகையில் ஓர் இரும்பு வளையம். வளையத்திலிருந்து தொங்கும் ஒரு வலை. மாலை மணி அடித்தவுடன் மாணவர் பந்தை எடுத்துக்கொண்டு அங்கு ஓடுகின்றனர். ஓடி ஆடும் அவர்களுள் எத்தனை பேர், இவ்வளையம் பத்தடி உயரத்தில் இருப்பது ஏன் என்று எண்ணியிருப்பர்? பந்தைக் கையில் பற்றிக்கொண்டு ஓடலாகாது என்னும் விதியை வகுத்தவர் யார் என்று வினவியிருப்பர்?

உலகில் வழங்கும் ஆட்டங்களுட் பல, இன்னார் தோற்றுவித்தார் என்று அறிய இயலாதவை. அவை மக்களிடையே தாமே தோன்றி, தாமே வளர்ந்தவை. கூடைப்பந்தோ அத்தகையதன்று. அஃது ஒரு சிறு கல்லூரியில், ஓர் ஆசிரியரின் உள்ளத்தில், ஓர் இடர்ப்பாட்டைத் தீர்க்கும் பொருட்டுப் பிறந்தது. அவ்வாசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர்.

பிறப்பும் இளமையும்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆல்மான்ட் என்னும் சிற்றூர் உளது. அதன் அருகே 1861ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் நெய்ஸ்மித் பிறந்தார். அவர்தம் பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து குடியேறியவர். 1870ஆம் ஆண்டில் நச்சுக் காய்ச்சல் பரவித் தந்தையையும் தாயையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. பெற்றோரை இழந்த சிறுவரை உறவினர் வளர்த்தனர். பின்னர்த் தாய்மாமன் பீட்டர் என்பார் அவர்க்கு ஆதரவாயினார்.

மாமன் அன்புடையவர், ஆயினும் கண்டிப்பு மிக்கவர். ஒருவன் தொடங்கிய வினையைத் தானே முடித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. குளிர்காலத்தில் ஒருநாள் சிறுவர் நெய்ஸ்மித் குதிரைகளை ஓட்டிக்கொண்டு உறைந்த ஆற்றைக் கடந்தார். நடு ஆற்றில் பனிக்கட்டி பிளந்தது. குதிரைகள் நீரில் விழுந்தன. சிறுவர் நடுங்கினார், எனினும் மனந்தளராது, அரும்பாடுபட்டுக் குதிரைகளைக் கரை சேர்த்தார். சேர்த்துவிட்டு நிமிர்ந்து நோக்கியபோது, மரங்களினிடையே மாமன் நின்றுகொண்டிருந்தார்! நிகழ்ந்தது அனைத்தையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், உதவிக்கு வரவில்லை. பிறர் கையை எதிர்பாராமல் தன் இடரைத் தானே தீர்க்கும் பழக்கம் அன்று அச்சிறுவர் உள்ளத்தில் ஊன்றியது.

அவ்வூர்ச் சிறுவர் கொல்லன் பட்டறையை அடுத்துள்ள ஒரு பெரும்பாறையின் அருகே கூடி விளையாடுவர். பாறையின்மீது ஒரு கல்லை வைத்து, சற்றுத் தொலைவில் நின்று வேறு கற்களை எறிந்து அதனை வீழ்த்துவது அவ்விளையாட்டு. விசையாக எறிந்த கல் குறி தவறினால் நெடுந்தூரம் சென்று விழும். அதனை எடுத்து வருவதற்குள் எதிரி பிடித்துக்கொள்வான். மெல்ல மேல்நோக்கி வளைவாக எறிந்தால், கல் குறியைத் தாக்கும். தவறினும் அருகிலேயே விழும். வலிமையைவிடக் குறியே வெற்றி தரும் என்னும் இவ்வுண்மை, பின்னாளில் அவர்க்குப் பெரிதும் பயன்பட்டது.

கல்வியும் கருத்து மாற்றமும்

பதினைந்து வயதளவில் நெய்ஸ்மித் பள்ளியை விட்டு நீங்கினார். காடுகளில் மரம் வெட்டும் தொழிலில் புகுந்தார். சில ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன. கல்லாமையின் இழப்பை உழைப்பினிடையே உணர்ந்த அவர், இளைஞரான பின்னர் மீண்டும் பள்ளியிற் சேர்ந்தார். தம்மினும் இளைய சிறுவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்க அவர் நாணவில்லை. படிப்பை முடித்து, 1883ஆம் ஆண்டு மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1887இல் பட்டம் பெற்றார். அதன்பின் சமய குருவாகும் விருப்பத்தோடு இறையியற் கல்லூரியில் பயின்று 1890இல் தேறினார்.

அக்காலத்தில் சமயக் கல்வி பயில்வோர் விளையாட்டில் ஈடுபடுவது தகாது என்று பலர் கருதினர். நெய்ஸ்மித்தோ உடற்பயிற்சியிலும் ரக்பி ஆட்டத்திலும் சிறந்து விளங்கினார். அவர் ஆன்மா கெட்டுவிடுமோ என்று அஞ்சிய நண்பர் சிலர், ஒன்றுகூடி அவர்பொருட்டு இறைவனை வேண்டினராம். ஒரு முறை முதல்நாள் ஆட்டத்தில் அடிபட்டுக் கறுத்து வீங்கிய கண்களோடு அவர் மறுநாள் கோயில் மேடையில் ஏறிச் சொற்பொழிவு ஆற்ற நேர்ந்தது.

ஒருநாள் ஆட்டக்களத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அவருக்கு அடுத்து நின்று ஆடிய தோழர் ஒருவர், சினம் மூண்டு இழிசொல் ஒன்றை உரைத்துவிட்டார். உடனே நெய்ஸ்மித்தை நோக்கி, அவர் அருகில் இருந்ததை மறந்து பேசிவிட்டதாகக் கூறி வருந்தினார். நெய்ஸ்மித் அவரைக் கண்டித்தவர் அல்லர். அறிவுரை கூறியவரும் அல்லர். உடன் ஆடினார், அவ்வளவே. ஒழுக்கமுடைய ஒருவன் உடன் ஆடுவதே பிறரைத் திருத்துமாயின், ஆடுகளமும் அறம் வளர்க்கும் இடம் ஆகாதோ என்று அவர் சிந்தித்தார். கோயில் மேடையில் நின்று நூறு பேருக்கு உரைப்பதினும், திடலில் பத்து இளைஞரோடு ஆடுவது பயன் மிக்கதாகலாம் என்று அவர்க்குத் தோன்றியது.

இம்முடிவு எளிதில் கொண்டதன்று. அவருடைய ஒரே தமக்கை ஆனி, தம்பி குருவாவான் என்று நம்பியிருந்தவர். இறைத்தொண்டைத் துறந்து பந்தாடப் போனதாகவே அவர் இதனைக் கருதினார். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் அவர் மனம் மாறவில்லை. அன்புடையார் மனம் நோகுமென்று அறிந்தும், தமக்கு மெய் எனப் பட்ட வழியிலே நெய்ஸ்மித் நடந்தார். அவ்வழி சரியானதுதானா என்னும் வினாவிற்கு அவர்தம் வாழ்க்கையே விடை கூறவேண்டியிருந்தது.

சிறு கல்லூரியின் சிறு குழு

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. 1885இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு நெய்ஸ்மித் 1890ஆம் ஆண்டு வந்து சேர்ந்தார். அங்கே மாணவர் தொகை மிகக் குறைவு. அவ்வாண்டே யேல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராகிய அமோஸ் அலான்சோ ஸ்டாக் என்பவரும் அங்கு வந்தார். இருந்த சிலரைக்கொண்டே அவர் ஒரு கால்பந்துக் குழுவை அமைத்தார். நெய்ஸ்மித் அக்குழுவின் நடுவிடத்தில் நின்று ஆடினார். அச்சிறு குழு யேல் முதலிய பெரிய கல்விக்கூடங்களின் குழுக்களையும் எதிர்த்து நின்றது. வென்றது சிலபோது, தோற்றது பலபோது. ஆயினும், ஆள்வலி குறைந்தோரும் அஞ்சாது களம் புகலாம் என்பதை அஃது உணர்த்தியது.

1891ஆம் ஆண்டின் குளிர்காலம் வந்தது. வெளியே பனி மூடிவிட்டமையின் மாணவர் கட்டடத்தினுள்ளேயே உடற்பயிற்சி செய்தல் வேண்டும். கைகால்களை ஆணைப்படி நீட்டி மடக்கும் பயிற்சியே அங்கு இருந்தது. பதினெட்டு மாணவர் கொண்ட ஒரு வகுப்பு இதனை வெறுத்தது. முன்னர் வந்த ஆசிரியர் இருவர் அவர்களை வழிப்படுத்த இயலாது விலகினர். துறைத் தலைவர் லூதர் குலிக் அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றைப் பதினான்கு நாளில் கண்டு தருமாறு பணித்தார்.

நெய்ஸ்மித் முதலில் பழைய ஆட்டங்களையே உள்ளே கொணர்ந்து பார்த்தார். ரக்பியை ஒத்த ஆட்டம் மாணவரின் உடலைப் புண்படுத்தியது. கால்பந்து சன்னற் கண்ணாடிகளை உடைத்தது. கோலில் வலை கட்டி ஆடும் லாக்ராஸ் ஆட்டம் கைகளையும் முகத்தையும் காயப்படுத்தியது. நாள்கள் கழிந்தன, வழி பிறக்கவில்லை. தவணையும் முடியும் நிலையில் இருந்தது.

ஆட்டம் பிறந்த வகை

அப்பொழுது அவர் ஆட்டங்களை விட்டுவிட்டு, ஆட்டங்களின் இயல்பை ஆராயத் தொடங்கினார். ஒருவனை மற்றவர் பாய்ந்து வீழ்த்துவது ஏன்? அவன் பந்தோடு ஓடுவதனால். ஓடுவதைத் தடுத்துவிட்டால் வீழ்த்துவதற்குத் தேவையே இராது. பந்தைப் பெருவிசையோடு அடிப்பது ஏன்? இலக்கு தரைமட்டத்தில் செங்குத்தாக நிற்பதனால். இலக்கின் வாயை வானோக்கி வைத்து, தலைக்குமேல் உயர்த்திவிட்டால், விசைக்கு அங்கு வேலையில்லை. மெல்ல வளைவாக எறிதலே பயன் தரும். இளமையில் பாறைமேற் கல்லை நோக்கி எறிந்த எறிதல் அவர் நினைவிற்கு வந்தது. இவ்வாறு, வன்மையை ஆட்டத்தினின்றும் நீக்கித் திறமையை அதன் உயிராக வைத்தார்.

கட்டடக் காவலரை அழைத்து, பதினெட்டு அங்குலச் சதுரமுள்ள இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச்சுப் பழம் வைக்கும் கூடைகள் இரண்டு உள்ளன என்று அவர் கொணர்ந்து தந்தார். அரங்கின் இருபுறத்து மாடத்தின் கைப்பிடிச் சட்டத்தில் நெய்ஸ்மித் அவற்றை ஆணியால் அறைந்தார். அச்சட்டம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. தற்செயலாக அமைந்த அவ்வுயரமே இன்றளவும் உலகெங்கும் விதியாக நிலவுகிறது. பெட்டி கிடைத்திருப்பின் இவ்வாட்டத்தின் பெயரே வேறாகியிருக்கும்!

விதிகள் பதின்மூன்றையும் எழுதித் தட்டச்சில் அடிப்பித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். 1891ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் முதல் ஆட்டம் நிகழ்ந்ததாகக் கொள்வர். பக்கத்திற்கு ஒன்பதின்மராக மாணவர் பிரிந்து ஆடினர். பந்து ஒரே ஒரு முறை கூடையில் விழுந்தது. கூடைக்கு அடி இருந்தமையால், ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுக்கவேண்டியதாயிற்று.

தொடக்கம் முற்றும் இனிதாக அமைந்ததென்று எண்ணலாகாது. 1939ஆம் ஆண்டு வானொலியில் பேசியபோது, முதல் முயற்சியில் மாணவர் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டதையும், சிலர் கண்கள் வீங்கியதையும், ஒருவர் நினைவிழந்து விழுந்ததையும் நெய்ஸ்மித்தே மறையாது எடுத்துரைத்தார். எனினும் அம்மாணவர் மீண்டும் மீண்டும் அவ்வாட்டத்தையே கேட்டனராம். பந்தோடு ஓடலாகாது என்னும் விதியை அவர் உறுதிப்படுத்திய பின்னரே ஆட்டம் செம்மையுற்றது. பிழை கண்டு சோர்ந்துவிடாது, பிழையையே ஆசானாகக் கொண்டு திருத்துதல் அறிவுடையார் இயல்பன்றோ?

மாணவர் ஒருவர் இவ்வாட்டத்திற்கு நெய்ஸ்மித்தின் பெயரையே சூட்ட விரும்பினார். அவர் நகைத்து மறுத்தார். கூடையும் பந்தும் இருப்பதால் கூடைப்பந்து என்னலாம் என்று அம்மாணவரே கூற, அப்பெயர் நிலைத்தது. 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆசிரியரும் மாணவரும் பொதுமக்கள் முன்னிலையில் ஆடினர். மாணவர் ஐந்து முறையும், ஆசிரியர் ஒரு முறையும் பந்தைக் கூடையில் இட்டனர். ஆசிரியர் பெற்ற அவ்வொன்றும் ஸ்டாக் ஈட்டியதே. அருகிலிருந்த பள்ளியின் ஆசிரியைகளும் விரும்பி வந்து இவ்வாட்டத்தைக் கற்றனர். அவ்வாறு ஆடிய மகளிருள் ஒருவராகிய மாட் ஷெர்மன் என்பாரை நெய்ஸ்மித் 1894இல் மணந்தார்.

அக்கல்லூரியிற் பயின்றோர் சென்ற நாடெல்லாம் ஆட்டமும் உடன் சென்றது. அங்குப் பயிற்சி பெற்ற ஹாரி குரோ பக் என்பார், 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். நம் நாட்டுப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர் பலர் அக்கல்லூரியில் உருவாயினர்.

தோல்வி மிக்க பயிற்சியாளர்

ஸ்பிரிங்பீல்டை விட்டு நீங்கிய நெய்ஸ்மித், டென்வர் நகரில் பணியாற்றிக்கொண்டே மருத்துவம் பயின்று, 1898இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகவும், நாள்தோறும் வழிபாட்டை நடத்துபவராகவும் அமர்ந்தார். அங்குக் கூடைப்பந்துக் குழுவையும் அவரே தோற்றுவித்துப் பயிற்றினார்.

இங்கே ஒரு வியப்பைக் காண்கிறோம். அவர் பயிற்சியில் அக்குழு ஐம்பத்தைந்து ஆட்டங்களில் வென்றது; அறுபது ஆட்டங்களில் தோற்றது. அப்பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளருள் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர், அவ்வாட்டத்தைக் கண்ட அவர் ஒருவரே! அவர்தம் மாணவராகிய பாரஸ்ட் ஆலன், வேறொரு கல்லூரியிற் பயிற்சியாளராக அமர இருந்தபோது, கூடைப்பந்து ஆடத்தக்கதேயன்றிப் பயிற்றத்தக்கதன்று என்று நெய்ஸ்மித் நகைத்தாராம். அந்த ஆலனே பின்னர்ப் புகழ்பெற்ற பயிற்சியாளராகிப் பெருவெற்றிகள் ஈட்டினார். மாணவர் தம்மை விஞ்சியது கண்டு ஆசிரியர் அழுக்காறு கொண்டாரில்லை.

வெற்றியை அவர் வெறுத்தவர் அல்லர். அதனையே முடிந்த பொருளாகக் கருதாதவர். குழுவிற் சேர்ந்த சிலரை மட்டும் ஓம்புவதினும், கல்லூரியில் உள்ள ஒவ்வொரு மாணவரின் உடல்நலத்தையும் பேணுவதே தம் கடன் என்று கொண்டார். மாணவரின் உயரம், மார்பளவு முதலியவற்றை அளந்து, குறையுடையார்க்குத் தக்க பயிற்சியை வகுத்தார். ஆடுகளத்தில் தம் குழுவிற்குச் சார்பாக நிற்பதைவிட நடுவராக நிற்பதையே அவர் விரும்பினார்.

1916இல் குருப்பட்டமும் ஏற்றுப் படைவீரர்க்குச் சமயத்தொண்டு புரிந்தார். முதல் உலகப் போரின்போது 1917இல் பிரான்சு நாடு சென்று, வீரர்தம் நலம் பேணினார். கோயிலை விட்டுத் திடலுக்கு வந்தவர், திடலின் வழியே மீண்டும் கோயிலை அடைந்தார் என்னலாம்.

மூடிய கதவு

1933ஆம் ஆண்டு ஜான் மெக்லெண்டன் என்னும் நீக்ரோவர் இனத்து இளைஞர் ஒருவர் கேன்சசில் உடற்கல்வி பயில வந்தார். கறுப்பினத்தார் என்று இன்று நாம் குறிப்பிடுவது அவ்வினத்தாரையே. கூடைப்பந்துப் பயிற்சியாளராவதே அவர் விருப்பம். ஆனால் நிறவேற்றுமை மலிந்த அந்நாளில், கறுப்பின மாணவர்க்குப் பல்கலைக்கழகக் குழுவில் இடமில்லை. ஆட்டத்தைக் கண்டவரே ஆசிரியராக இருந்தும், ஆட்டத்தின் கதவு அவ்விளைஞர்க்கு மூடியே இருந்தது. அக்கதவைத் திறக்க நெய்ஸ்மித்தால் இயலவில்லை. ஆயினும் அவர் மெக்லெண்டனைத் தம் மாணவராக ஏற்று, தாம் அறிந்ததை எல்லாம் கற்பித்து, இடர் வந்தபோதெல்லாம் துணைநின்றார்.

1937ஆம் ஆண்டு சிறு கல்லூரிகளுக்கென்றே கூடைப்பந்துப் போட்டி ஒன்று கேன்சஸ் சிட்டி நகரில் தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகங்களின் நிழலில் மறைந்துகிடந்த கல்லூரிகளும் தம் திறமையைக் காட்ட இடம் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதனைத் தோற்றுவித்தார்க்கு நெய்ஸ்மித்தும் உறுதுணையாக இருந்தார். சிறு கல்லூரியில் பிறந்த ஆட்டத்தைச் சிறு கல்லூரிகள் இழந்துவிடலாகாது அன்றோ?

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அப்போட்டியில் வாகை சூடியது டென்னசி மாநிலத்துக் கறுப்பின மாணவர் கல்லூரி ஒன்றின் குழு. அதன் பயிற்சியாளர் யார்? முன்னர்க் குழுவில் இடம் பெறாத அந்த ஜான் மெக்லெண்டனே! அதனைக் காண நெய்ஸ்மித் உயிரோடு இல்லை. ஐம்பத்தைந்து வெற்றிகளையும் அறுபது தோல்விகளையும் எண்ணியவர், இவ்வெற்றியை எந்தக் கணக்கில் எழுதுவர்?

இறுதி நாள்கள்

1936ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களிற் கூடைப்பந்து இடம்பெற்றது. முதியவராகிய நெய்ஸ்மித் அதனைக் காணச் செல்லும்பொருட்டு, அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கத்தினர் பொருள் திரட்டி வழியனுப்பினர். இருபதுக்கும் மேற்பட்ட நாட்டினர் தம் ஆட்டத்தை ஆடக் கண்டு அவர் உள்ளம் உருகினார். மழையில் நனைந்த களத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், அவர் வாழ்ந்த அமெரிக்கா, அவர் பிறந்த கனடாவை வென்றது. வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் பதக்கம் வழங்கும் பேறு அவர்க்கே வாய்த்தது.

1939ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் லாரன்ஸ் நகரில் நெய்ஸ்மித் இயற்கை எய்தினார். தாம் கண்ட ஆட்டத்தைக்கொண்டு அவர் செல்வம் ஈட்டவில்லை. எளிய ஆசிரியராகவே வாழ்ந்து மறைந்தார். அவர் அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிய விதித்தாள்கள், 2010ஆம் ஆண்டு நாற்பத்து மூன்று இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. இன்று அவை கேன்சஸ் பல்கலைக்கழகத்திலே பாதுகாக்கப்படுகின்றன.

மாணவர்களே! நீங்கள் நாளை ஆடுகளத்திற்குச் செல்வீர்கள். உங்களுள் வலியவரும் இருப்பர், மெலியவரும் இருப்பர். வலியவர் மட்டுமே ஆட, மெலியவர் ஓரத்தில் நின்று பார்க்கும் வழக்கம் பல திடல்களில் உண்டு. ஓரத்தில் நிற்பவனையும் அழைத்து, அவன் கையில் பந்தைக் கொடுங்கள். நெய்ஸ்மித் இவ்வாட்டத்தைக் கண்டது அவனுக்காகவுமே ஆகும்.